அரசறிவியல் உயர்கல்வியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நாங்கள். மூன்றாம் வரிசை நாற்காலிகளே எங்களுக்கு உரிய இடம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் எங்கள் இல்லத்திற்கு வந்து, "உங்கள் மகள் அமெரிக்காவில் அரசறிவியல் பயில்கிறாள் அல்லவா? அத்துறையில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று காலனியில் பலர் கேட்கின்றனர். நீங்களே வந்து சொல்லுங்கள்" என்றார். "விண்ணப்பித்தவள் அவள், நாங்கள் அல்லவே" என்றோம். "அப்படியானால் பெற்றோர் செய்யத்தக்கது யாது என்று சொல்லுங்கள்" என்றார். அதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு உண்டு. பெற்றோர் செய்யத்தகாதன பலவற்றையும் செய்து பார்த்தவர்கள் நாங்கள். இவ்வுரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம். எங்களுள் ஒருவர் படிக்க, மற்றவர் முன்வரிசையில் அமர்ந்து பிழை நேராமல் காத்துவருகிறார்.

நம் வீடுகளில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நடக்கும் ஆலோசனைக் கூட்டத்தை அறியாதார் இங்கு இல்லை. பொறியியல், மருத்துவம், கணக்குத் தணிக்கை என்று பேச்சு சுற்றிவரும். நடுவே பிள்ளை மெல்ல, "அரசறிவியல் படிக்கலாம் என்றிருக்கிறேன்" என்று சொன்னால் கூடம் ஒரு கணம் அமைதியுறும். பிறகு எழும் கேள்வி இரண்டே. "ஐ.ஏ.எஸ். எழுதப் போகிறாயா?" என்பது ஒன்று. "ஏன், கட்சியில் சேரப் போகிறாயா?" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது நோக்கம் ஒன்று இருக்கக்கூடும் என்பது எங்களுக்கும் அந்நாளில் தோன்றவில்லை.

அரசியல் வேறு, அரசறிவியல் வேறு. முன்னது தேர்தலில் நிற்பார்க்கும் ஆட்சி புரிவார்க்கும் உரிய தொழில். பின்னது அத்தொழில் நடைபெறும் வகையைச் சற்று விலகி நின்று ஆராயும் கல்வி. நாடாளும் முறையைப் பற்றி எண்ணுவது தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளின் 133 அதிகாரங்களில் 70 அதிகாரங்கள் பொருட்பாலில் அமைந்தவை. எனினும் பல்கலைக்கழகத்தில் தனித்துறையாக விளங்கும் அரசறிவியல் அண்மைக்காலத்தது. நியூயார்க் நகரத்துக் கொலம்பியாவில் இதற்கெனத் தனிப்பள்ளி 1880இல் தோன்றிற்று. அமெரிக்க அரசறிவியல் கழகம் 1903இல் நிறுவப்பெற்றது. நம் டில்லியில் ரஜனி கோத்தாரி என்னும் பேரறிஞர் வளர் சமுதாய ஆய்வு மையத்தை 1963இல் தொடங்கினார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இக்கல்வி ஐந்து கிளைகளாகப் பிரிந்து நிற்கிறது. அமெரிக்க அரசியல், பல நாடுகளின் அரசியலை ஒப்புநோக்கும் ஒப்பியல் அரசியல், நாடுகளுக்கிடையேயான உறவு, அரசியற் கோட்பாடு, ஆய்வு முறையியல் என்பன அவை. இந்தியாவைப் பற்றி ஆராய விழைவோர் பெரும்பாலும் ஒப்பியல் அரசியலில் சேர்வர். இன்னொன்றும் சொல்லவேண்டும். கணக்குக்கு அஞ்சி இத்துறைக்கு ஓடிவரும் பிள்ளை, முதலாண்டிலேயே அங்குப் புள்ளியியலைச் சந்திக்க நேரும்.

இத்துறையார் எதை ஆராய்கின்றனர்? ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறோம். நம் நாட்டில் இந்து முஸ்லிம் கலவரம் சில நகரங்களில் மீண்டும் மீண்டும் மூள்கிறது. வேறு சில நகரங்கள் அமைதியாக இருக்கின்றன. இது ஏன்? இக்கேள்வியை எடுத்துக்கொண்டார் அசுதோஷ் வர்ஷ்ணி என்னும் அறிஞர். அலிகரையும் கோழிக்கோட்டையும், ஐதராபாத்தையும் லக்னோவையும், அகமதாபாத்தையும் சூரத்தையும் இணை இணையாக வைத்து ஆராய்ந்தார். 2002இல் அவர் நூல் வெளிவந்தது. இரு சமயத்தாரும் ஒன்றாகக் கூடும் வணிகர் சங்கம், தொழிற்சங்கம் போன்ற அமைப்புகள் வலுவாக இருந்த நகரங்களில் வதந்தி தீயாகப் பரவவில்லை என்பது அவர் கண்ட முடிவு. ஓர் இனத்தார் தமக்குள் மட்டும் கூடும் சங்கத்தினும், அயலாரோடு கூடும் சங்கமே அமைதிக்குக் காவலாயிற்று. சங்கம் வைத்து நடத்தும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்க முடிவு இது.

நம்மைப் பற்றியே ஆராய்ந்தாரும் உளர். லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் என்னும் அமெரிக்கத் தம்பதியர் 1956இல் முதன்முதல் இந்தியா வந்தனர். தமிழகத்துச் சாதிச் சங்கங்கள் தேர்தல் அரசியலில் ஆற்றும் பணியை ஆராய்ந்து எழுதினர். நாடார் சமூகத்தின் அரசியல் எழுச்சியைப் பற்றி ராபர்ட் ஹார்ட்கிரேவ் எழுதிய நூல் 1969இல் வந்தது. பிழைப்புத் தேடி வேற்று மாநிலம் சென்றாரையும், அவர்க்கு எதிராக எழுந்த மண்ணின் மைந்தர் இயக்கங்களையும் பற்றி மைரன் வைனர் எழுதிய நூல் 1978இல் வந்தது. ஊர்விட்டு ஊர்வந்த நம் போன்றார் வாழ்க்கை, பல்கலைக்கழகத்தில் அமர்ந்து ஆராயத்தக்க பொருளே என்பதற்கு இவை சான்று.

இனி, விண்ணப்பத்திற்கு வருவோம்.

அமெரிக்காவில் அரசறிவியல் டாக்டர் பட்டத்திற்கு விண்ணப்பிப்போர் அனுப்பவேண்டியவை இவை: கல்லூரி மதிப்பெண் சான்று, டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வின் முடிவு. ஆசிரியர் மூவரின் பரிந்துரைக் கடிதங்கள். "யான் ஆராய விழைவது யாது, ஏன்" என்று இரண்டு பக்க அளவில் விளக்கும் நோக்கவுரை. மாணவரே எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒன்று. ஜி.ஆர்.இ. என்னும் பொதுத்தேர்வை முன்னாளில் எல்லாரும் எழுதவேண்டியிருந்தது. 2020க்குப் பிறகு பல துறைகள் அதை நீக்கிவிட்டன, அல்லது விருப்பத்திற்கு விட்டுவிட்டன. எம்.ஏ. பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஆனால் நம் மூன்றாண்டு பி.ஏ. பட்டத்தை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே வகையாக ஏற்பதில்லை. முன்னதாகவே எழுதிக் கேட்டுத் தெளிதல் நன்று.

விண்ணப்பங்கள் செப்டம்பர் அளவில் திறக்கும். டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி தொடக்கம் வரை கடைசி நாள் வரும். பிப்ரவரி, மார்ச்சில் முடிவு தெரியும். இடம் கிடைத்தவர் ஏப்ரல் 15ஆம் நாளுக்குள் விடை சொல்லவேண்டும். புகழ்பெற்ற துறை ஒன்றிற்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும். சேர்வோர் பத்துப் பேர், மிஞ்சினால் இருபது பேர். பேராசிரியர் சிலர் கூடி அமர்ந்து இவ்விண்ணப்பங்களைப் படிக்கின்றனர். நல்ல மதிப்பெண் அங்கு எல்லாரிடமும் இருக்கிறது. ஆகவே அவர்கள் தேடுவது, நான்கைந்து ஆண்டு உழைத்து ஆராயத்தக்க கேள்வி இம்மாணவரிடம் உண்டா, அக்கேள்விக்கு வழிகாட்டத்தக்கார் தம் துறையில் உளரா என்பதேயாகும்.

இதை நாங்கள் பின்னர்தான் அறிந்தோம்.

2022ஆம் ஆண்டு மகள் டில்லியில் எம்.ஏ. இறுதியாண்டில் இருந்தாள். விண்ணப்ப வேலையை நாங்கள் எங்கள் கையில் எடுத்துக்கொண்டோம். எங்களுள் ஒருவர் முப்பது ஆண்டுகள் அரசுச் செயலகத்தில் கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகியவர். அவளது நோக்கவுரையை அவரே எழுதிக் கொடுத்தார். இளமை முதல் அரசியலில் தணியாத ஆர்வம் உண்டு என்று தொடங்கிற்று அது. பள்ளியில் பெற்ற பேச்சுப்போட்டிப் பரிசும் நாட்டிய அரங்கேற்றமும் அதில் இடம்பெற்றன. பாரத நாட்டின் பழம்பெருமை ஒரு பத்தியை நிரப்பிற்று. நாட்டுக்குத் தொண்டு செய்வேன் என்ற உறுதியோடு முடிந்தது. பிழையற்ற ஆங்கிலம். படித்த உறவினர் எல்லாரும் பாராட்டினர்.

மற்றவர் பரிந்துரைக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டார். மகளின் கட்டுரைகளை ஈராண்டாக வரிக்கு வரி திருத்திக் கொடுத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். அவர் உதவிப் பேராசிரியரே. அவர் கடிதத்திற்கு என்ன மதிப்பு இருக்கும் என்று எண்ணிவிட்டோம். நமக்குத் தெரிந்த உயர் அதிகாரி ஒருவரிடம் சென்று கடிதம் வாங்கினோம். அவர் எங்கள் மகளை இருமுறை திருமண வீட்டில் கண்டிருக்கிறார், அவ்வளவே.

தரவரிசைப் பட்டியல் ஒன்றை எடுத்து, மேலிருந்து பத்துப் பெயர்களைக் குறித்தோம். ஒவ்வொன்றிற்கும் விண்ணப்பக் கட்டணம் 75 டாலர் முதல் 125 டாலர் வரை. எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் ரூபாயைக் கடந்தது. அப்பத்துத் துறைகளிலும் யார் யார் என்னென்ன ஆராய்கின்றனர் என்று நாங்கள் பார்க்கவில்லை. மகள் பார்க்க விரும்பினாள். "முதலில் இடம் கிடைக்கட்டும்" என்றோம்.

2023 பிப்ரவரியில் விடைகள் வரத் தொடங்கின. அங்குப் பகல், இங்கு இரவு. ஆதலால் பின்னிரவில் அவள் அறையில் விளக்கு எரியும், சற்றுநேரத்தில் அணையும். காலையில் நாங்கள் கேட்பதில்லை, அவள் சொல்வதுமில்லை. மார்ச் முடிவதற்குள் பத்தும் இல்லை என்றாயிற்று. அவற்றுள் ஒன்று மட்டும், டாக்டர் பட்டத்திற்கு இடமில்லை, விரும்பினால் சொந்தச் செலவில் எம்.ஏ. பயிலலாம் என்று எழுதியிருந்தது. கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்த்துக் கணக்கிட்டோம். எழுபது இலட்சம் ரூபாய் வந்தது.

தஞ்சை மாவட்டத்தில் பாட்டனார் வைத்துச்சென்ற நன்செய் ஒன்றரை ஏக்கர் எங்களுக்கு உண்டு. அதை விற்பது, போதாததற்கு வங்கியில் கடன் வாங்குவது என்று முடிவு செய்தோம். ஊரிலுள்ள தரகரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது மகள் வந்து எதிரே நின்றாள். "அப்பா, நிலத்தை விற்கவேண்டாம். அவர்கள் கேட்டது என்னை, நாம் அனுப்பியது உங்களை" என்றாள். தொலைபேசியைக் கீழே வைத்தோம். அன்று இரவு எங்கள் வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை.

அன்பர்களே, அவள் சொன்ன சொல்லில் குற்றம் காண எங்களால் இயலவில்லை.

அடுத்த மாதம் நிகழ்ந்தது ஒன்று. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்மணி விழுப்புரம் பக்கத்தைச் சேர்ந்தவர். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் அமைந்திருந்த மதராசி கேம்ப்பில் குடியிருந்தார். உங்களில் பலர் வீடுகளுக்கும் அங்கிருந்து வேலைக்கு வந்தவர் உண்டு. ஒருநாள் மாலை அவர் கையில் ஒரு படிவத்தோடு வந்து மகளிடம் கொடுத்தார். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் அது. "பாப்பா, ஊர்லே இல்லேன்னு அங்கே என் பேரை எடுத்துட்டாங்க. இங்கே விலாசத்துக்குக் காகிதம் கேக்கறாங்க. குடிசைக்கு ஏது காகிதம்? நான் எந்த ஊருன்னு நீயே எழுதிக் குடு" என்றார்.

மகள் அப்படிவத்தை நிரப்ப மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தாள். பெயர் சேர்ந்தது. ஆனால் அந்தப் பெண்மணி கேட்ட கேள்வி அவளைவிட்டு அகலவில்லை. நாங்களும் வெளியூரிலிருந்து வந்தவர்கள், அவரும் வந்தவர். மொழி ஒன்று, நகரம் ஒன்று. அரசாங்கக் குடியிருப்பின் கதவு எண் எங்களுக்கு எல்லாவற்றையும் எளிதாக்கிற்று. பதினெட்டு ஆண்டுகள் இங்கு வாழ்ந்த அவர்க்கு ஊர்ப்பெயர் சொல்லவே வழியில்லை. முகவரி ஒருவரது குடியுரிமையை எவ்வளவு மாற்றுகிறது?

அவள் படிக்கத் தொடங்கினாள். நிகர் கைக்வாட், கேரத் நெல்லிஸ் என்னும் இருவர் 2021இல் வெளியிட்ட ஆய்வு அவள் கைக்கு எட்டியது. டில்லியிலும் லக்னோவிலும் வெளியூரிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளருள் சிலரைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, உள்ளூர் வாக்காளர் அட்டை பெற வீடு தேடிச் சென்று துணை செய்தனர். அத்துணை பெற்றவர் பெருமளவில் பட்டியலில் சேர்ந்தனர். 2019 தேர்தலில் வாக்களித்தனர். அரசியலில் அவர்க்கு நாட்டமும் வளர்ந்தது. எனவே அவர்களைத் தடுத்து நிறுத்தியது அக்கறையின்மை அன்று; அலைச்சலே என்பது தெளிவாயிற்று. ஆடம் அவர்பாக், தாரிக் தாச்சில் ஆகிய இருவர் ஜெய்ப்பூர், போபால் குடிசைப் பகுதிகளை ஆராய்ந்து எழுதிய நூலும் 2023இல் வந்தது. அவள் அதையும் தேடிப் படித்தாள்.

படித்ததோடு நில்லாமல், ஆய்வு நிறுவனம் ஒன்றில் சிறு சம்பளத்தில் துணையாளாகச் சேர்ந்தாள். விடுமுறை நாள்களில் குடிசைப் பகுதிகளுக்குச் சென்று 31 வீடுகளில் அமர்ந்து பேசிக் குறித்துக்கொண்டாள். அவளது கேள்வி மெல்ல மெல்லக் கூர்மையடைந்தது. "அதே மொழி பேசும் வசதியுள்ளார் ஒரு நகரத்தில் இருக்கின்றனர், அவர்கட்குச் சங்கங்களும் உள்ளன. அவர்கள் அருகிலிருப்பது, முகவரியற்றவர் முகவரி பெறத் துணை செய்கிறதா? செய்யவில்லையெனில் ஏன்?" என்பது அவள் எழுதிய நோக்கவுரையின் முதல் வரி. எழுதுமுன் ஒருநாள், "அப்பா, அம்மா, நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் மதராசி கேம்ப்பைச் சேர்ந்தவர் எத்தனை பேர்?" என்று கேட்டாள். நாங்கள் விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியாததால் அன்று; தெரிந்ததால்.

2023 டிசம்பரில் அவள் இரண்டாம் முறை விண்ணப்பித்தாள். இம்முறை ஆறு பல்கலைக்கழகங்களே. ஒவ்வொன்றிலும் இத்தகைய கேள்வியை ஆராயும் பேராசிரியர் இருவரேனும் இருக்கின்றனரா என்று அவர்கள் எழுத்தைப் படித்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தாள். பரிந்துரைக் கடிதங்களை, அவளுக்குப் பாடம் சொன்ன மூவரிடமே கேட்டாள். அவ்வுதவிப் பேராசிரியை அவர்களுள் முதல்வர். செப்டம்பரிலேயே கேட்டு, நோக்கவுரையின் வரைவையும் கொடுத்துவைத்தாள். 31 வீடுகளில் கண்டவற்றை இருபத்திரண்டு பக்கக் கட்டுரையாக எழுதினாள். எங்களிடம் கொடுத்து, "எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள்" என்றாள். நாங்கள் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தோம். முப்பது ஆண்டு குறிப்பெழுதிய கைக்கு அது எளிதான தவம் அன்று.

2024இல் நான்கு இடங்களிலிருந்து மறுப்பு வந்தது. ஓரிடத்தில் காத்திருப்போர் பட்டியல். ஓரிடம் கிடைத்தது. கல்விக்கட்டணம் இல்லை, ஐந்தாண்டுக்கு உதவித்தொகை உண்டு, அதற்கு ஈடாக இளங்கலை மாணவர்க்கு வகுப்பெடுக்கத் துணைபுரிய வேண்டும். முதல் ஈராண்டு பாடங்கள், பிறகு பெருந்தேர்வு, அதன் பின் ஆய்வுத் திட்டத்தை ஆசிரியர் குழுவின் முன் வைத்து ஒப்புதல் பெறல், களப்பணி, நூல் அளவில் ஓர் ஆய்வேடு. ஐந்தாண்டு என்று சொன்னாலும் ஆறு, ஏழு ஆண்டு ஆவதும் உண்டு. முடித்தவர் அனைவர்க்கும் பேராசிரியர் வேலை காத்திருக்கவில்லை. பட்டம் பெறுவோரைவிட நிலையான பணியிடங்கள் குறைவு. இதை மறைத்து எந்தப் பிள்ளையையும் அனுப்பக்கூடாது.

எங்கள் பட்டறிவிலிருந்து பெற்றோர்க்குச் சில சொற்கள்.

முதலாவது, நோக்கவுரையில் கை வைக்காதீர்கள். பிள்ளையிடம் "எங்கே சேர விரும்புகிறாய்?" என்று கேட்பதற்கு முன், "உன்னை உறங்கவிடாத கேள்வி எது?" என்று கேளுங்கள். விடை வரவில்லையென்றால் ஓராண்டு பொறுத்திருப்பது இழப்பு அன்று. வீட்டிலிருந்தே ஆய்வுத்துணை வேலை பார்க்கலாம்; நூலகம் செல்லலாம்.

இரண்டாவது, பதவியைப் பார்த்துப் பரிந்துரைக் கடிதம் கேட்காதீர்கள். பிள்ளையின் எழுத்தைப் படித்துத் திருத்திய ஆசிரியர் எழுதும் ஒரு பக்கத்திற்கு, பெரிய மனிதர் எழுதும் மூன்று பக்கம் ஈடாகாது.

மூன்றாவது, அரசறிவியல் டாக்டர் பட்டத்திற்கு உதவித்தொகை தராத இடத்தை ஏற்காதீர்கள். நிலத்தையும் நகையையும் விற்றுச் சேரவேண்டிய படிப்பு அன்று இது. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் பல்கலைக்கழகங்களும் உள்ளன. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நான்காவது, காலத்தின் நிலையையும் அறிந்து அனுப்புங்கள். 2025இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் பணமுடையால் டாக்டர் பட்ட இடங்களைக் குறைத்தன; சில துறைகள் சேர்க்கையையே நிறுத்திவைத்தன. அவ்வாண்டு மே மாத இறுதியிலிருந்து சில வாரங்கள் மாணவர் விசாவிற்குப் புதிய நேர்காணல்கள் நிறுத்தப்பெற்றன. ஒரே நாட்டை நம்பி விண்ணப்பிப்பது அறிவுடைமை ஆகாது.

அமெரிக்கா ஒன்றே வழி என்று எவரும் எண்ணவேண்டாம். 1969இல் தோன்றிய ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும், டில்லிப் பல்கலைக்கழகமும், 1974இல் தோன்றிய ஐதராபாத் பல்கலைக்கழகமும் நம் நாட்டிலேயே உள்ளன. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.ஏ. சேர 2022 முதல் பொதுநுழைவுத் தேர்வு நடந்துவருகிறது. ஆய்வுப் படிப்பிற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வு உண்டு. அதில் இளநிலை ஆய்வு உதவி பெறுவோர்க்கு மாதம் 37,000 ரூபாய் என்று 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பெற்றது. மூன்றாண்டு முதல் ஆறாண்டு வரை டாக்டர் பட்டத்திற்குக் காலம் என்பது 2022ஆம் ஆண்டு விதி. இவ்வழியிலும் மேடுபள்ளம் இல்லாமல் இல்லை. 2024 ஜூன் 18 அன்று நடந்த நெட் தேர்வு மறுநாளே ரத்து செய்யப்பெற்று, மாணவர் மீண்டும் எழுதவேண்டி நேர்ந்தது. ஆயினும் தன் மொழி வழங்கும் மண்ணின் அருகே இருந்து ஆராய்வதில் ஒரு நன்மை உண்டு. எவ்வழியாயினும் கேள்வி ஒன்றே. அது பிள்ளையினுடையதாக இருக்கவேண்டும்.

இறுதியாக ஒன்று சொல்லி அமைகிறோம்.

2025 ஜூன் முதல் நாள், உயர்நீதிமன்ற ஆணையின் வண்ணம், வடிகாலைச் சீர்செய்யும் பொருட்டு மதராசி கேம்ப் அகற்றப்பெற்றது. ஏறத்தாழ 370 குடிசைகள். 1-1-2015க்கு முன்பே குடியிருந்ததற்கு வாக்காளர் பட்டியல் முதலிய சான்று காட்டியவர்க்கு நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கப்பெற்றது. காட்ட இயலாதவர்க்கு இல்லை.

விசா நிலை அறியாது மகள் அக்கோடையில் ஊர்வர அஞ்சினாள். அங்கிருந்து தொலைபேசியில், "நீங்கள் இருவரும் போய்ப் பாருங்கள்" என்றாள். நாங்கள் சென்றோம். எங்கள் வீட்டுக்கு வரும் பெண்மணி தட்டுமுட்டுச் சாமான்களோடு சாலையோரம் அமர்ந்திருந்தார். 2023இல் மகள் எழுதிச் சேர்த்த பெயரால் 2024 மே மாதம் அவர் வாக்களித்தார். விரலில் இட்ட மையை வீட்டிற்கு வந்து காட்டினார். ஆனால் வீட்டிற்கு வேண்டிய சான்று அதற்கு எட்டாண்டுக்கு முன்னையது. அவ்வெட்டாண்டும் அவர் இந்நகரில்தான் இருந்தார். எங்கள் வீட்டிற்குத்தான் வந்துகொண்டிருந்தார். அன்று ஒரு படிவம் எழுதிக் கொடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை. இன்று அவர் உறவினர் அறையில் ஒண்டியிருந்து, இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வருகிறார்.

மகளின் நோக்கவுரையின் முதல் வரிக்கு நாங்களே ஒரு விடையாக நின்றோம். அதை அவளிடம் தொலைபேசியில் சொன்னோம். "குறித்துக்கொள்கிறேன், அப்பா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே இம்மேடையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை நம் சங்கக் கட்டடத்தின் முன்னறையில் ஒரு மேசை போடுவோம். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் அங்கு வந்து ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கட்டும். அதே மேசையில், வாக்காளர் பட்டியலுக்கும் குடும்ப அட்டைக்கும் படிவம் எழுதவேண்டிய நம் மொழியார் எவரும் வந்து அமரட்டும். எழுதிக் கொடுக்க நாங்கள் இருவரும் வருகிறோம். குறிப்பெழுதிப் பழகிய கை ஒன்று ஓய்வாகத்தான் இருக்கிறது. உறுப்பினர் சந்தா கட்டியவர், கட்டாதவர் என்ற வேறுபாடு அம்மேசைக்கு வேண்டாம் என்று தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.